ஆறு மணிக்குக் கண் வை

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் குண்டூசி பத்து வருஷத்தை வீணாக்கியிருக்க மாட்டான். அதுவரை அந்த வேலையை இலவசமாகத்தான் செய்துகொண்டிருந்தான். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பான். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பான். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்போது அவன் புரூஃப் அக்காவின் உதவியாளன். அக்கா துப்பறிகிறவர் என்பதால் வந்த பெயர் என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது பழைய பெயர். இருபத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் திருத்தியவர் அவர். எல்லோரும் சரி என்று தாண்டிப் போகிற வரியில் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. அச்சகம் மூடிய பிறகு காகிதத்தை விட்டுவிட்டு மனுஷர்களைத் திருத்தப் போய்விட்டார் என்பது குண்டூசியின் விளக்கம்.

அன்று மதியம் இரண்டு பேரும் ஒரு கண்ணாடி மணிக் கம்பெனியின் காட்சி அறையில் நின்றிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். கடுகளவு மணியிலிருந்து எலுமிச்சையளவு மணிவரை சரம் சரமாகத் தொங்கின. நடுவில் தனியாக ஒரு பெட்டி. அதில் கறுப்பு வெல்வெட்டின் மேல் ஏழே ஏழு மணிகள் கோத்த ஒரு மாலை. ஆழ்ந்த நீல மணிகள். ஒவ்வொன்றின் உடம்பிலும் வெள்ளை வட்டம், அதற்குள் நீல வட்டம், அதற்குள் கறுப்புப் புள்ளி. ஏழு மணிகளும் ஏழு பக்கம் முறைத்துப் பார்த்தன. குண்டூசிக்கு அந்த அறையில் முதலில் சந்தேகம் வந்ததே அவற்றின் மேல்தான்.

முதலாளி அறுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் தன் கையாலேயே மணி செய்தவர். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். மாலை நூறு வருஷத்துக்கு மேல் பழசு, குடும்பச் சொத்து. நாளைக் காலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறார். 'நிறுவனர் குடும்பத்தின் மாலை' என்று பித்தளைப் பலகைகூடத் தயார். முந்தாநாள் அருங்காட்சியக நிபுணர் வந்து பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போனார். ஏழு மணிகளில் நடுமணியின் கண்ணாடி மற்ற ஆறோடு ஒத்துப்போகவில்லை என்று அதில் இருந்தது. ஆக, நடுமணியை யாரோ எடுத்துக்கொண்டு புதுசை வைத்துவிட்டார்கள்.

யாரோ என்று அவர் சொன்னது மரியாதைக்குத்தான். ஆள் யாரென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். பட்டறையில் இந்த மாதிரி மணிக்குக் கண் வைக்கத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறாள். எல்லோரும் அவளைக் கண்ணுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாலு மணிக்கு போலீஸ் வருது. அதுக்குள்ள அந்தப் பழைய மணியை எங்க வெச்சிருக்கான்னு நீங்க கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா" என்றார்.

ஆதாரம் இருக்கிறதா என்று அக்கா கேட்டதும், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி மருமகன் முன்னால் வந்தான். கம்பெனி மேனேஜர் அவன்தான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பளபளக்கும் ஷூ, அதைவிடப் பளபளக்கும் தலை முடி. அவள் மேஜை இழுப்பறையில் எடுத்ததாக ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினான். உள்ளே கையளவு காகிதம். மூன்றே வரி. மருமகன் அதை நீதிமன்றத்தில் படிக்கிற தோரணையில் படித்தான்.

"ஆறு மணிக்குக் கண் வை. சுட்டதும் சாம்பலில் போட்டு மூடு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

படித்துவிட்டு விளக்கமும் சொன்னான். தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு அவள் இந்த வராந்தா வழியாகப் போவதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். சுட்டதைச் சாம்பலில் மறை என்று கூட்டாளி எழுதியிருக்கிறான். பட்டறையில் சாம்பல் பெட்டி இருக்கிறது. கிளறிப் பார்த்ததில் கண் வைத்த மணிகள் கிடைத்தன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டான்.

குண்டூசிக்கும் இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. திருடனே கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அதனாலேயே கொஞ்சம் உறுத்தியது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டுத் திருடுகிறவன் ரசீதும் போட்டுக் கொடுத்திருப்பானே என்று அக்காவின் காதில் சொன்னான்.

அக்கா அதற்குள் காகிதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புரூஃப் பார்த்த காலத்து லென்ஸ். மேலே வலது ஓரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். இரண்டு சின்ன ஓட்டைகள், பக்கத்தில் பக்கத்தில்.

"நான் குத்தலை அக்கா" என்றான் குண்டூசி.

"தெரியும். இன்னொண்ணு பாரு. 'மணிக்குக் கண்'னு ஒற்றுப் போட்டு எழுதியிருக்கு. திருடற அவசரத்துல இருக்கிறவன் ஒற்றைப் பத்தியா கவலைப்படுவான்?"

இதற்கிடையில் உள்பக்கக் கதவு திறந்தது. வீடு காட்சி அறைக்கு மேல் மாடியில்தான். முதலாளியம்மா தட்டில் தேநீர் கொண்டு வந்தார். அமைதியான முகம், நரைத்த தலை. கோப்பைகளை வைத்துவிட்டுப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: போலீஸ் எத்தனை மணிக்கு வருகிறார்கள்? நாலு என்றான் மருமகன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். வீட்டு ஆட்கள் போலீஸ் வரும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லதற்கில்லை என்று குண்டூசி மனதில் குறித்துக்கொண்டான். தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

பெட்டியின் சாவி யாரிடம் என்று அக்கா விசாரித்தார். ஒன்று முதலாளியின் இடுப்பில், இன்னொன்று மாடியில் பீரோவில். மருமகனுக்கே கிடையாது. அதைச் சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் கோணியது. சாவியில்லாமல் கண்ணுக்காரி எப்படித் திறந்தாள் என்றதற்கு, துடைப்பதற்காகத் திறந்து வைக்கிற நேரம் பார்த்து என்று சட்டென்று பதில் வந்தது. சட்டென்று வருகிற பதில்கள் குண்டூசிக்குப் பிடிக்காது. இவன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டான்.

அக்கா முதலாளியிடம் அனுமதி வாங்கி மாலையைக் கையில் எடுத்தார். நடுமணியை லென்ஸில் பார்த்தார். பிறகு அதன் இடப்பக்க மணி, வலப்பக்க மணி. குண்டூசியையும் பார்க்கச் சொன்னார். ஓட்டையைச் சுற்றியுள்ள ஓரம் நடுமணியில் மங்கித் தேய்ந்திருந்தது, இரண்டு பக்கமும். அடுத்தடுத்த மணிகளில் அதே ஓரம் வழவழவென்று மின்னியது.

"தேய்ஞ்சிருக்கு, உரசியிருக்கும்" என்றான்.

"உரசறதுக்கு எத்தனை பேர் வேணும்?"

"எங்க வீட்ல நான் ஒருத்தனே போதும்" என்றான் அவன். அக்கா சிரிக்கவில்லை. மாலையைத் திரும்ப வைத்துவிட்டுப் பட்டறைக்கு வழி கேட்டார்.

பட்டறை பின்கட்டில். நீளமான மேஜை, அதன் மேல் வரிசையாகப் பன்னிரண்டு தீச்சுடர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள். இடது கையில் மண் பூசிய இரும்புக் கம்பி, வலது கையில் பென்சில் மாதிரிக் கண்ணாடிக் குச்சி. குச்சியின் நுனி சுடரில் உருகித் தேன் பதத்துக்கு வந்ததும் கம்பியில் சுற்றுகிறார்கள். கம்பி நிற்காமல் உருள்கிறது. ஒரு நொடி கை நின்றால் மணி ஒரு பக்கம் தொங்கிவிடும். கம்பி இருந்த இடம்தான் பிறகு ஓட்டை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காதது மரியாதைக் குறைவா, பயமா, தொழிலா என்று குண்டூசிக்குப் பிடிபடவில்லை.

ஏழாவது சுடர் அணைந்து கிடந்தது. அதன் முன்னால் கண்ணுக்காரி சும்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு நாளாக அவளைத் தீயைத் தொட விடவில்லை. கை மட்டும் மடியில் தானாக உருண்டுகொண்டிருந்தது, இல்லாத கம்பியைப் பிடித்த மாதிரி. குண்டூசிக்கு அதைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அக்கா வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று எத்தனை மணிக்கு வந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டார். அவள் விழித்தாள். பக்கத்துச் சுடர்க்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"இங்க அப்படிக் கேட்டா யாருக்கும் புரியாதும்மா" என்றார் அவர். "நாங்க சங்கு ஊதறதைத்தான் சொல்லுவோம். மொத சங்குக்கு வந்தா, மூணாம் சங்குக்குப் போவா. மணின்னு சொன்னா எங்களுக்கு இதுதான்." கம்பியின் முனையில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்த மணியைத் தூக்கிக் காட்டினார். ஒரு தடவை புது ஆள் ஒருத்தன், பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டுப் பத்து மணியோடு வேலையை நிறுத்திவிட்டானாம். வாடிக்கையாளர் கேட்டது ஐந்நூறு. அன்றிலிருந்து பட்டறைக்குள் நேரத்துக்கு அந்த வார்த்தையே கிடையாது.

அக்காவின் மூக்கு நுனி சிவந்தது. ஒரு பக்கத்தில் பெரிய தப்பைப் பிடிக்கும்போது அப்படித்தான் ஆகும் என்று குண்டூசிக்குத் தெரியும்.

சுவரில் ஒரு பலகை. அதில் ஆணியடித்து ஆர்டர் சீட்டுகள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு சீட்டின் மேல் ஓரத்திலும் மாதிரி மணி ஒன்றை நூலால் கட்டியிருந்தார்கள். நூல் உள்ளே போய் வெளியே வர இரண்டு ஊசி ஓட்டைகள். அக்கா ஒரு சீட்டைப் படிக்கச் சொன்னார். குண்டூசி படித்தான்: 'நூறு மணிக்குப் பச்சைக் கண் வை. மெதுவாகச் சுடு.' அடுத்தது: 'நாற்பது மணிக்கு இரட்டைக் கண் வை. சாம்பலில் ஒரு நாள் இருக்கட்டும்.'

மூன்றாவதைப் படிக்காமல் அக்கா கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் திரும்பிப் பார்த்தான்.

"சாம்பல்ல எதுக்கும்மா போடறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"சுட்ட மணியை அப்படியே வெளிய வெச்சா காத்துப் பட்டு விரிசல் விட்டுடும். சாம்பல்ல மூடினா மெள்ள ஆறும்" என்றாள் கண்ணுக்காரி. இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா பிளாஸ்டிக் உறையை அவள் முன் வைத்தார். சீட்டு கிடைத்தது என்று மருமகன் மிரட்டியிருந்தானே தவிர, எந்தச் சீட்டு என்று யாரும் அவளிடம் காட்டவே இல்லை. பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா போலீஸ்? இது வேலைச் சீட்டுங்க."

"ஆறு மணிக்கு."

"ஆமா, ஆறு மணிக்குத்தான். ஏழாவது வேணாம்னு சொல்லிட்டாங்க. மாதிரிக்கு ஒரு பழைய மணியைக் கட்டிக் குடுத்தாங்க. மூணு வாரம் ஆச்சு, அந்த நீலம் வர்றதுக்கே."

யார் சொன்னார்கள் என்று குண்டூசி பாய்ந்து கேட்டான். அவள் வாய் பழையபடி மூடிக்கொண்டது. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த வேலை, வாக்குக் கொடுத்துவிட்டாள். ஜெயிலுக்குப் போனால் இனி எந்தப் பட்டறையிலும் உன்னைச் சுடர் முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள் என்று அவன் பயமுறுத்திப் பார்த்தான். அது தனக்கே தெரியும் என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் குண்டூசி கொதித்துக்கொண்டு வந்தான். மருமகன்தான் என்று அடித்துச் சொன்னான். போலிச் சரக்கைச் செய்யச் சொல்லிவிட்டுப் பழியை அவள் தலையில் கட்டுகிறான்.

"அவன்தான் எழுதியிருந்தா அதைத் தப்பாப் படிப்பானா?" என்றார் அக்கா. "அவனுக்குப் பட்டறைப் பேச்சே தெரியாது. கண் வைக்கிறதுன்னா வேவு பார்க்கிறது, சுடறதுன்னா திருடறதுன்னு நினைச்சுட்டான். நீயும் அப்படித்தானே நினைச்சே? எழுதினவங்களுக்கு இந்தப் பேச்சு தெரியும். பெட்டிச் சாவியும் இருக்கு."

சாவி வைத்திருப்பவர் என்றால் முதலாளி. குண்டூசி நடையை நிறுத்திவிட்டான். தன் மாலையைத் தானே மாற்றிவிட்டுத் துப்பறிய ஆள் கூப்பிட்டிருக்கிறாரா? சுவர்க் கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

காட்சி அறையில் முதலாளியும் மருமகனும் காத்திருந்தார்கள். கண்ணுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் அக்கா. மணி கிடைத்ததா என்றார் முதலாளி.

"காணாமப் போகவே இல்லீங்க. அதோ நடுவுல இருக்கே" என்றார் அக்கா.

நிபுணரின் கடிதத்தை எடுத்து ஒரு தடவை படித்தார். நடுமணி மற்ற ஆறோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் அதில் இருந்தது. எது புதுசு என்று அவர் எழுதவில்லை. ஏழில் ஒன்று வேறாக இருந்தால் அந்த ஒன்றுதான் போலி என்று எல்லோரும் தாங்களாக நிரப்பிக்கொண்டார்கள். நடுமணியின் இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது. வருஷக்கணக்காகப் பக்கத்து மணிகளோடு உரசிய தேய்மானம். அப்படியானால் பக்கத்து மணிகளும் தேய்ந்திருக்க வேண்டும். அவை புதுசு மாதிரி மின்னுகின்றன. ஏனென்றால் அவை புதுசு. ஒன்று மாறவில்லை, ஆறு மாறியிருக்கின்றன. சீட்டிலும் ஆறு என்றுதான் இருக்கிறது.

சொல்லி முடித்ததும் மருமகன் சீட்டை வாங்கி மறுபடி படித்தான். உதடு அசைந்தது. காது மடல் சிவந்தது.

"அப்ப ஆறையும் இவ திருடிட்டாளா?" என்றார் முதலாளி.

"இவங்க கேட்டபடி செஞ்சு கொடுத்தாங்க, அவ்வளவுதான். நீங்களும் ஒரு காலத்துல சுடர் முன்னாடி உட்கார்ந்தவர்தானே? இந்தச் சீட்டு உங்களுக்கு எப்படிப் புரியாமப் போச்சு?"

முதலாளி தடுமாறினார். மருமகன் போனில் படித்துக் காட்டியதைத்தான் கேட்டாராம், இன்று ஒரு தடவை நேரில் கேட்டாராம். பட்டறைப் பக்கம் போயே இருபது வருஷம் ஆகிவிட்டதாம்.

"கண்ணால பார்க்கவே இல்லை. சரி, இப்பப் பாருங்க" என்று அக்கா சீட்டை நீட்டினார்.

முதலாளி சட்டைப்பையில் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். மூன்று வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது; கையெழுத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. குண்டூசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும், பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது இரண்டும் இல்லை. மனுஷர் மெதுவாகத் தலையைத் தூக்கி உள்பக்கக் கதவைப் பார்த்தார்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நாலு அடிக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார் அவர். நேராகக் கண்ணுக்காரியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடும்மா. உன்னை ரெண்டு நாள் இப்படி உட்கார வெச்சுட்டேன். போலீஸ்காரங்க முன்னாடி சொன்னாத்தான் இவர் காதுல விழும்னு நினைச்சேன்."

ஏன் என்று முதலாளி கேட்டார்.

"என்ன பலகை செஞ்சிருக்கீங்க? நிறுவனர் குடும்பத்தின் மாலை. இது எங்க அம்மா கழுத்துல இருந்தது. அவங்க அம்மா கழுத்துல இருந்தது. உங்க குடும்பத்துல யார் போட்டாங்க? மூணு தடவை உங்ககிட்ட சொல்ல வந்தேன். மூணு தடவையும் அப்புறம் பேசலாம்னீங்க. அப்புறம் பலகை வந்துடுச்சு."

மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் மூடிக்கொண்டான். குண்டூசியும் நாலைந்து கிண்டலைத் தயாராக வைத்திருந்தான். ஒன்றும் வெளியே வரவில்லை. இந்த வீட்டில் இத்தனை பேரைச் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் தேநீர் குடித்துவிட்டு நின்றோமே என்று வெட்கமாக இருந்தது.

ஆறை எடுத்துவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் ஏன் விட வேண்டும்? அதுவும் அவர்கள் அம்மாவுடையதுதானே? அக்காவுக்கும் அது மட்டும் விளங்கவில்லை போலிருந்தது. அவரே கேட்டார்.

"அது எங்க அம்மாவோடது இல்லீங்க" என்றார் முதலாளியம்மா. "கல்யாணமான வருஷம் நடுவுல இருந்த மணி கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. நான் ரெண்டு நாள் சாப்பிடலை. இவர் பழைய சரக்கு விக்கிறவங்க கடையெல்லாம் ஏறி இறங்கி, மூணு மாசம் அலைஞ்சு, அதே வயசுல ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தார். கண்ணாடி வேறதான். ஆனா கண்ணு அச்சு அசல் அப்படியே இருந்தது. முப்பத்தேழு வருஷம் எங்க அம்மாவோட ஆறும் இவரோட ஒண்ணும் ஒண்ணா உரசிக்கிட்டுத்தான் கிடந்தது."

கணவர் பக்கம் திரும்பினார்.

"எங்க அம்மாவோடதை எடுத்துக்கிட்டேன். உங்களோடதை உங்களுக்கே விட்டுட்டேன்."

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மருமகன் அவர்களைத் திருப்பி அனுப்ப ஓடினான். கண்ணுக்காரி பட்டறையைப் பார்த்து நடந்தாள். சுடரைப் பற்ற வைக்க வேண்டும். முதலாளியம்மா மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலே பீரோ திறந்து மூடியது. மாடிப்படியில் ஒரு பயணப் பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கியது.

முதலாளி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடுமணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் தருகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டு வாங்கி, தேய்ந்த ஓரத்தை ஒரு பக்கம் பார்த்து, மறு பக்கம் பார்த்தார். பிறகு, அங்கே இருந்தவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்பது போல, குண்டூசியைப் பார்த்துக் கேட்டார்:

"இதை நானா வாங்கினேன்?"